நான்கு பிள்ளைகளோடு நேபர்வில்லுக்குக் குடிபோகிறவர்களுக்கு: எதை எப்போது செய்வது

கம்பெனி எல்-1 விசாவில் சிகாகோ பக்கம் அனுப்புகிறது, குடும்பத்தோடு போகலாம் என்று முடிவாகிவிட்டது, வீட்டில் மூன்று நான்கு பிள்ளைகள். இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர், கோயம்புத்தூரிலிருந்து சிகாகோ பக்கத்தில் உள்ள நேபர்வில் போனோம். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் தனி ஆளுக்கோ, ஒரு கைக்குழந்தை உள்ள தம்பதிக்கோ எழுதப்பட்டவை. பெரிய குடும்பத்துக்கு விசா பெரிய தலைவலி இல்லை, அதைக் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொள்வார். சிக்குவதெல்லாம் பிள்ளைகளின் காகிதங்களிலும் வீட்டு முகவரியிலும்தான். இந்த இரண்டையும் ஊரிலேயே யோசித்துவிட்டால் மற்றதைப் போய்ச் சேர்ந்த பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

1. தேதியை முதலில் குறியுங்கள்

அங்கே பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கும், மே கடைசியில் முடியும். நம் ஊரில் பரீட்சை ஏப்ரலில் முடிகிறது. ஆகவே பரீட்சை எழுதவைத்து, டிசி வாங்கி, ஜூன் கடைசிக்கும் ஜூலை நடுவுக்கும் இடையில் போய் இறங்குவதுதான் சரியான கணக்கு. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே காகித வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இறங்கினால் குழந்தை மருத்துவரிடம் நேரம் கிடைக்காது, நல்ல வாடகை வீடுகள் முடிந்திருக்கும், பிள்ளைகள் தூக்கக் கலக்கம் தெளிவதற்குள் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். ஜனவரியில் வரச் சொல்லி மேனேஜர் வற்புறுத்தினால், வேலைக்குப் போகிறவர் மட்டும் முன்னால் போகட்டும், குடும்பம் ஜூனில் போகட்டும். விமானச் செலவு கூடினாலும் இதுதான் மேல்.

2. பாஸ்போர்ட்: பெயரும் காலாவதித் தேதியும்

நம் ஆட்களுக்கு இன்ஷியல் பிரச்சினை தெரிந்ததுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு வங்கி, லைசென்ஸ், மருத்துவமனை எல்லா இடத்திலும் அதுவே உங்கள் பெயர். பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டை மாற்றி எடுத்துவிட்டு அப்புறம் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கை வையுங்கள். நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு இன்ஷியலை விரித்தும் இன்னொன்றுக்கு விரிக்காமலும் இருந்தால் பள்ளியில் இவர்கள் கூடப்பிறந்தவர்கள்தானா என்று கேட்பார்கள்.

அடுத்தது பலர் கவனிக்காத பொறி. சிறுவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருகிறார்கள். விசா மூன்று வருடத்துக்கு இருந்தாலும், விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி தங்கும் காலத்தை பாஸ்போர்ட் முடியும் தேதியோடு வெட்டிவிடலாம். அப்படியானால் அப்பாவுக்கு ஒரு தேதி, மூன்றாவது பிள்ளைக்கு அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் இன்னொரு தேதி என்று ஆகும். அதை மறந்துவிட்டால் அந்தப் பிள்ளை சட்டப்படி அனுமதி இல்லாமல் தங்கியிருப்பதாகப் பொருள். இரண்டு மூன்று வருடம்தான் மீதி இருக்கிறது என்றால் புறப்படும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா, பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலில் கல்யாணம் முடித்து, பதிவு செய்யாமலே விட்டவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணப் பதிவை முடித்துவிடுங்கள். அழைப்பிதழையும் கோயில் ரசீதையும் தேடி எடுக்கவே நாளாகும். அப்போஸ்டில் செய்து தருகிறோம் என்று ஏஜென்டுகள் ஒரு தாளுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். அமெரிக்க விசாவுக்கும் சரி, அங்கே பள்ளியில் சேர்க்கவும் சரி, அது தேவையில்லை.

3. விசா

ஆளுக்கு ஒரு டிஎஸ்-160, ஆளுக்கு ஒரு புகைப்படம், ஆளுக்கு ஒரு கட்டணம். எல் விசாவுக்கும் எச் விசாவுக்கும் 2023 ஜூனிலிருந்து விண்ணப்பக் கட்டணம் 205 டாலர், ஆறு பேருக்கு 1,230 டாலர். திரும்பக் கிடைக்காது. கம்பெனி குடும்பத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறதா என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நேர்காணல் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தச் சலுகை 2025 செப்டம்பரில் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டது, எனவே எல்லோருக்கும் ஒரே நாளில் நேரம் கிடைக்கும்படி குடும்பமாகப் பதிவு செய்யுங்கள்.

உங்களுக்கு எல்-1, எச்-1பி இரண்டில் எது என்பது வீட்டில் இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம். எல்-2வில் வரும் மனைவியோ கணவனோ வந்து இறங்கிய நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், தனி அனுமதி அட்டை கட்டாயமில்லை. எச்-1பிக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 என்றால் உங்கள் கிரீன் கார்டு ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால்தான் பொதுவாக அந்த அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும். ஒரு சம்பளத்தில் ஆறு பேர் அந்த ஊரில் வாழ்வது எப்படி என்ற கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

அப்பா அம்மா, மாமனார் மாமியாரைச் சார்ந்தோர் விசாவில் கூட்டிப்போக வழியே இல்லை. மனைவியும் 21 வயதுக்குக் குறைந்த, கல்யாணமாகாத பிள்ளைகளும் மட்டும்தான். பெரியவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

4. தடுப்பூசி: இதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்

நம் ஊர் மருத்துவர் தந்த அட்டையில் எல்லாம் போட்டாச்சு என்று டிக் இருக்கும். நேபர்வில் இருக்கும் இல்லினாய் மாநிலத்துப் பள்ளி அதை வேறு மாதிரி எண்ணும்.

தட்டம்மைக்கு நம் ஊரில் 9வது மாதத்தில் ஓர் ஊசி போடுகிறார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது அங்கே கணக்கில் வராது. ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தால் அது எம்ஆர், அதில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து கிடையாது, ஆகவே எம்எம்ஆர் போட்டுத்தான் ஆக வேண்டும். சின்னம்மைக்கு இரண்டு ஊசி கேட்பார்கள், நம் அரசு அட்டவணையில் அது இல்லவே இல்லை. போலியோ சொட்டு மருந்தில் 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த தவணைகளை அமெரிக்காவில் எண்ணுவதில்லை, ஊசியாகப் போட்டிருந்தால்தான் செல்லும். ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் இருக்கிற பிள்ளைகளுக்கு டிடேப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமலுக்கானது) ஊசியும் மெனிஞ்சைடிஸ் ஊசியும் கூடுதலாக வரும்.

இவற்றில் எத்தனை முடியுமோ அத்தனையையும் இங்கேயே குழந்தை மருத்துவரிடம் போட்டுக்கொள்ளுங்கள். சின்னம்மையின் இரண்டு தவணைக்கும் இடையில் 13 வயதுக்குக் கீழே என்றால் மூன்று மாத இடைவெளி, எனவே பிப்ரவரியில் தொடங்கினால்தான் ஜூனுக்குள் முடியும். பிறகு மருத்துவரின் லெட்டர்ஹெட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள், ஊசியின் பெயர், தேதி, கையெழுத்து, முத்திரை. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 04/05/2019 என்று இருந்தால் நமக்கு மே 4, அவர்களுக்கு ஏப்ரல் 5. அதை வைத்து ஒரு தவணை தள்ளுபடியானால் குழந்தைக்கு மறுபடியும் ஊசி.

காசநோய்க்குச் சோதனை கேட்டால் தோல் சோதனை வேண்டாம், ரத்தச் சோதனை எடுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள். பிசிஜி (பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசி) போட்ட பிள்ளைகளுக்குத் தோல் சோதனை சும்மாவே பாசிட்டிவ் காட்டக்கூடும், அப்புறம் எக்ஸ்ரே, மாத்திரை என்று இழுத்துக்கொண்டு போகும்.

5. பள்ளிக் காகிதங்கள்

டிசி, கடைசி இரண்டு வருட மார்க் ஷீட். சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும், அவர்களை வயதை வைத்துத்தான் வகுப்பில் போடுவார்கள். செப்டம்பர் 1க்குள் ஐந்து வயது ஆகியிருந்தால் கிண்டர்கார்டன். இங்கே யுகேஜி முடித்துவிட்டான், ஒன்றாம் வகுப்பு கொடுங்கள் என்று வாதாடிப் பயனில்லை, வாதாடவும் வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பும் அதற்கு மேலும் என்றால் கதை வேறு. அங்கே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் (பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய புள்ளி) உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா வருட மதிப்பெண்களும், என்னென்ன பாடம் படித்தான் என்ற பாடத்திட்டச் சுருக்கமும் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தோடு மூடிய உறையில் வாங்குங்கள். பதினொன்று முடித்த பிள்ளையைக் கூட்டிப்போவதாக இருந்தால் நன்றாக யோசியுங்கள். அமெரிக்க வரலாறு, உடற்கல்வி என்று இல்லினாய் கட்டாயப் பாடங்களை ஒரே வருடத்தில் அடைக்க வேண்டும், அதே வருடத்தில் கல்லூரி விண்ணப்பமும். அந்த ஒரு பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுப் பன்னிரண்டை முடிக்க வைப்பதுதான் பல வீடுகளில் நல்லதாக அமைந்தது. இதைச் சொன்னால் வீட்டில் அழுகை வரும், ஆனாலும் சொல்கிறேன்.

6. வீடு: ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், பள்ளி எல்லையைப் பாருங்கள்

நேபர்வில் என்றால் நல்ல பள்ளி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நேபர்வில்லில் பெரிதாக இரண்டு பள்ளி மாவட்டங்கள் (தங்கள் எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்): 203, 204. இரண்டுமே நல்லவை. ஆனால் முகவரியில் நேபர்வில் என்று எழுதியிருக்கிற சில வீடுகள் இரண்டிலும் இல்லாமல் பக்கத்து மாவட்டத்தில் விழும். மறுபக்கம், முகவரி அரோரா என்று இருக்கும், பள்ளி 204ஆக இருக்கும். 204இன் மூன்று உயர்நிலைப் பள்ளிகளில் மெட்டியா வேலி, வாபான்சி வேலி இரண்டும் அரோராவில்தான் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் வாடகை சற்றுக் குறைவாக அமைய வாய்ப்பு உண்டு, இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கிற ரூட் 59 சாலைப் பக்கம், பாலாஜி கோயிலும் அரோராவிலேயே. பெரிய குடும்பம் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டு விளம்பரத்தில் இருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல், மாவட்டத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டித் தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி மூன்றையும் பாருங்கள். நான்கு பிள்ளைகள் மூன்று கட்டடங்களுக்குப் போகப் போகிறார்கள், மூன்றும் மூன்று நேரத்தில் தொடங்கும்.

ஒரு படுக்கையறைக்கு இரண்டு பேர் என்பது வீட்டுக்காரர்கள் பொதுவாகப் பிடித்துக்கொள்ளும் கணக்கு. ஆறு பேருக்குக் குறைந்தது மூன்று அறை, நான்கு இருந்தால் நிம்மதி. நான்கு அறைத் தனி வீடு மாதம் 3,000 டாலருக்குக் கீழே அபூர்வம், சுமாராக 4,000 வரை ஒதுக்குங்கள். குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே வீடு மறுப்பது பொதுவாக அமெரிக்கச் சட்டத்துக்குப் புறம்பானது, ஆனால் வேறு காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். உங்களுக்கு அங்கே கிரெடிட் வரலாறு (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) கிடையாது என்பதுதான் அவர்கள் கையில் இருக்கும் பெரிய காரணம். பணி நியமனக் கடிதம், சம்பள விவரம், பழைய வீட்டுக்காரரின் கடிதம், இந்திய வங்கி அறிக்கை எல்லாம் ஒரே கோப்பாக வைத்திருங்கள். கூடுதல் அட்வான்ஸ் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

வீட்டைப் பார்க்காமல், வீடியோவை நம்பி, ஊரிலிருந்தே பணம் அனுப்பாதீர்கள். எங்களிடமும் ஓர் ஆள், சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன், முதலில் இரண்டு மாத வாடகை போடுங்கள் என்றான். அந்த வீடு விற்பனைக்கு இருந்த வேறு யாருடையதோ.

வாடகை ஒப்பந்தத்தில் பெரியவர்கள் இருவர் பெயரும் வர வேண்டும், எல்லாப் பிள்ளைகளின் பெயரும் குடியிருப்போர் பட்டியலில் வர வேண்டும். பள்ளியில் முதலில் கேட்பதே அந்தத் தாள். மின்சாரத்தையும் தண்ணீரையும் நேபர்வில்லில் நகராட்சியே தருகிறது, அரோரா என்றால் மின்சாரம் காமெட் கம்பெனி. இணைப்பை வீடு கிடைத்த அன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், இரண்டாவது முகவரிச் சான்று அதுதான்.

7. பணமும் பெட்டியும்

முதல் மாத வாடகை, அட்வான்ஸ், இரண்டு மூன்று வாரத் தங்கும் விடுதி (ஆறு பேரை ஒரே அறையில் விடமாட்டார்கள், இரண்டு அறை), வாடகைக் கார், படுக்கைகள், இவை எல்லாம் முதல் சம்பளத்துக்கு முன்னால். 15,000 டாலர் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள் என்பது என் கணக்கு. கம்பெனி தரும் இடமாற்றப் பணத்துக்கு அங்கே வருமான வரி பிடிப்பார்கள். அந்த வரியையும் கம்பெனியே ஏற்குமா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். கையில் கொண்டுபோகும் ரொக்கம் 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும், அந்த வரம்பு குடும்பம் முழுவதற்கும் சேர்த்து.

ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்றால் பன்னிரண்டு பெட்டி. பன்னிரண்டு பெட்டியும் ஆறு பேரும் ஒரு மினிவேனில் ஏற முடியாது, ஓஹேர் விமான நிலையத்திலிருந்து இரண்டு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். கப்பலில் சாமான் அனுப்பாதீர்கள். மிக்ஸியும் கிரைண்டரும் 110 வோல்ட்டில் வாங்கினால்தான் அங்கே ஓடும், கோவையில் கிடைக்கிறது, அதை மட்டும் எடுத்துப் போகலாம். கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. பொடி, ஊறுகாய் போகும், படிவத்தில் உணவு இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். குளிர்கால உடுப்பு இங்கே வாங்க வேண்டாம், ஊட்டி ஸ்வெட்டர் அந்தக் குளிருக்கு ஆகாது.

8. இறங்கிய முதல் மாதம்

ஐ-94 பதிவை (நாட்டுக்குள் எந்த வகையில், எதுவரை தங்கலாம் என்பதற்கான அரசுப் பதிவு) இணையத்தில் ஆறு பேருக்கும் இறக்கி, பெயர், விசா வகை, முடியும் தேதி மூன்றையும் சரிபாருங்கள். மனைவியின் ஐ-94இல் எல்-2எஸ் என்று இருக்க வேண்டும், வெறும் எல்-2 என்றிருந்தால் வேலையில் சேரும்போது இடிக்கும், உடனே திருத்தச் சொல்லுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி எண் (சம்பளத்துக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) உங்களுக்கும் எல்-2 துணைக்கும் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அதனால் பள்ளியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், அந்த எண் இல்லாததால் சேர்க்கையை மறுக்க முடியாது.

கார் இல்லாமல் இந்த ஊரில் பால் வாங்கக்கூட முடியாது. எட்டு பேர் உட்காரும் மினிவேனாகவே பாருங்கள், அடுத்த வருடம் பெரியவர்கள் வருவார்கள். இந்திய லைசென்ஸில் 90 நாள் ஓட்டலாம், அதற்குள் இல்லினாய் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதற்கேற்ற கார் சீட் கட்டாயம், இரண்டு வயதுக்குள் என்றால் பெரும்பாலும் பின்பக்கம் பார்த்த சீட். விமான நிலையத்திலிருந்து வரும் முதல் பயணத்துக்கே இது பொருந்தும்.

மருத்துவக் காப்பீட்டில் வேலையில் சேர்ந்து பெரும்பாலும் 30 நாளுக்குள் எல்லோரையும் சேர்த்துவிட வேண்டும், தவறினால் அடுத்த வருடம்தான். ஒரே ஓர் ஆறுதல், குடும்பத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கும் நான்கு பிள்ளைக்கும் பிரீமியம் பொதுவாக ஒன்றுதான்.

9. பள்ளியில் சேர்ப்பது

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இல்லினாய் மாநில மருத்துவப் பரிசோதனைப் படிவம் வேண்டும், அதை அங்குள்ள மருத்துவர்தான் நிரப்ப வேண்டும். ஆகவே வீடு தேடுவதற்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் நான்கு பேருக்கும் நேரம் வாங்குங்கள், ஊரில் இருந்துகொண்டே போனில் கேட்டாலும் தருகிறார்கள். முதன்முறை சேரும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை, சில வகுப்புகளுக்குப் பல் பரிசோதனையும் உண்டு. மருத்துவப் பரிசோதனைப் படிவம் அக்டோபர் 15க்குள் வராவிட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சில மாவட்டங்கள் அதற்கு முன்பே கேட்கும்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் வரும். தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், நம் பிள்ளைகள் அநேகமாகத் தேறிவிடும். தேறாவிட்டாலும் கூடுதல் ஆசிரியர் உதவிதானே கிடைக்கப் போகிறது, அதைப் பெற்றோர் மறுக்கவும் உரிமை உண்டு. பொய்யாக ஆங்கிலம் என்று எழுதிவிட்டு, வகுப்பில் ஆசிரியர் பேசும் வேகம் புரியாமல் பிள்ளை விழிப்பதைவிட இது நல்லது.

அரசுப் பள்ளி இலவசம் என்றாலும் பதிவுக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம், வாத்திய வாடகை என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வரும். பள்ளிப் பேருந்து ஒன்றரை மைலுக்கு அப்பால் இருந்தால் இலவசம், அதற்குள் என்றால் பனியிலும் நடைதான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம், முழுநேரக் காப்பகம் மாதம் 1,500 டாலருக்கு மேல்.

10. முதல் வரித் தாக்கல்

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பிள்ளைகளுக்கு டபிள்யூ-7 படிவத்தில் ஐடின் என்ற வரி எண் கேட்க வேண்டும், வரித் தாக்கலோடு சேர்த்துத்தான். அது இருந்தால் பிள்ளைக்கு 500 டாலர் வரை வரி குறையும். பாஸ்போர்ட்டை அஞ்சலில் அனுப்பாதீர்கள், நான்கு பாஸ்போர்ட்டும் மாதக்கணக்கில் முடங்கிவிடும். சான்றளிக்க அதிகாரம் பெற்ற கணக்கரிடம் நேரில் காட்டினால் போதும். பாஸ்போர்ட்டோடு, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பள்ளிப் பதிவு, அதற்குக் கீழே மருத்துவப் பதிவு கேட்பார்கள். இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதையும் தனியாக அறிவிக்க வேண்டும், பிள்ளைகள் பெயரில் உள்ளதுக்கும் இது உண்டு.

11. பெரியவர்கள்

அவர்கள் பி-2 என்ற சுற்றுலா விசாவில் வரலாம், கட்டணம் 185 டாலர், ஒரு முறைக்குப் பொதுவாக ஆறு மாதம். அவர்களை முதல் வருடம் கூட்டிவராதீர்கள். வீடு செட்டாகி, மினிவேன் வந்து, அடுத்த மே மாதம் வரட்டும், அக்டோபரில் திரும்பட்டும். ஆறு மாதம் தங்கிவிட்டு ஊரில் ஒரு மாதம் இருந்து மறுபடி வந்தால் இங்கேயே குடியிருக்கப் பார்க்கிறார்களோ என்று விமான நிலையத்தில் குடைவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறோம் என்று விசா நேர்காணலில் வாய்தவறியும் சொல்ல வேண்டாம், அது வேலை என்ற கணக்கில் போகக்கூடும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருகிறோம், அவ்வளவுதான்.

காப்பீடு அமெரிக்கக் கம்பெனியில் வாங்குங்கள், விலை குறைந்த நிலையான தொகைத் திட்டம் வேண்டாம். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவுதான் என்று கைவிரித்துவிடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு எந்தத் திட்டமும் முழுதாகத் தராது. அதனால் தேவையான மாத்திரையை மருந்துச் சீட்டோடு, கடை டப்பாவிலேயே, கைப்பையில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.